எதையும் எதிர்பார்க்காமல்தான் கட்டுகிறேன், ஐயா

அனுப்புநர்: மாதச் சந்தா கட்டும் மந்திரவாதி ஒருவன், கீரனூர், பழனி வட்டம், திண்டுக்கல் மாவட்டம். (புதுக்கோட்டைக் கீரனூர் அல்ல. பதில் போடுகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.)

பெறுநர்: தலைவர் அவர்கள், தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம், சென்னை.

பொருள்: ஜெயிக்கும் நோக்கம் துளியும் இன்றி மாதாமாதம் பணம் கட்டி வருவதற்குச் சான்றிதழ் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு இப்போது கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். எவ்வளவு பாடுபட்டீர்கள்! 2022இல் இணையச் சூதாட்டத்தைப் பற்றி நீதியரசர் சந்துரு குழு அறிக்கை கொடுத்தது. தடை மசோதா ஆளுநர் மாளிகைக்குப் போய்த் திரும்பி வந்தது. சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நீங்கள் சளைக்காமல் 2025 பிப்ரவரியில் புது விதிமுறைகள் போட்டீர்கள்: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு வைத்து ஆடக்கூடாது, ஆதார் காட்டாமல் உள்ளே வரக்கூடாது. ஜூனில் நீதிமன்றமும் அதற்குச் சரி என்றது. அப்பாடா என்று உட்காரும் நேரத்தில், ஆகஸ்டில் டெல்லிக்காரர்கள் மூன்றே நாளில் மொத்த ஆட்டத்தையும் கலைத்தார்கள். 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். இணையத்தில் காசு வைத்து ஆடும் ஆட்டம் எதுவானாலும் நாடு முழுக்கத் தடை.

ரம்மியில் வீடு வாசலைத் தொலைத்து உயிரையும் விட்டவர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். அந்தத் தடையைப் பற்றிக் கேலி பேச என்னிடம் எதுவும் இல்லை. என் விண்ணப்பம் வேறு வகை.

அந்த மத்தியச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன், ஐயா. பணம் கட்டி, பதிலுக்குப் பணமோ வேறு ஆதாயமோ வரும் என்று எதிர்பார்த்து ஆடினால் அது பண விளையாட்டு. திறமையால் ஜெயித்தானா, அதிர்ஷ்டத்தால் ஜெயித்தானா என்ற பழைய பஞ்சாயத்தே அங்கே கிடையாது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதே மனிதன் பந்தயமாக இல்லாமல் சந்தாவாகக் கட்டி, பதிலுக்கு ஒரு பைசாவும் எதிர்பார்க்காமல் ஆடினால் அது சமூக விளையாட்டு. அதை அரசு ஊக்குவிக்கும். சட்டத்தின் தலைப்பிலேயே ஊக்குவிப்பு என்று போட்டிருக்கிறார்கள்.

அந்த இடத்தைப் படித்ததும் என்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. வாளும் மந்திரமும் அரக்கனும் உள்ள ஓர் இணைய ராஜ்ஜியத்துக்கு நான் மாதாமாதம் கப்பம் கட்டுகிறேன். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வேஷம் போட்டு உலாவும் இடம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பதினைந்து டாலர், நம் கணக்கில் ஆயிரத்து முன்னூறு ரூபாய்ச் சொச்சம். எதிர்பார்ப்பு என்று ஒன்று எனக்கு இருந்ததாக யாரும் நிரூபிக்க முடியாது. இதற்கு வீட்டிலேயே சாட்சி உண்டு.

ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து அமலாக்கிய விதிப்படி, கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாகவே தகவல் வந்தாக வேண்டும். நுகர்வோர் நலனுக்கான அருமையான விதி. அந்தத் தகவல் போவது என் அத்தாவின் போனுக்கு. கணக்கில் இருப்பது அவர் நம்பர். லுஹர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்னடா இது, மாசா மாசம் ஆயிரத்து முன்னூறு?"

"கேம், அத்தா."

"ஜெயிச்சா காசு வருமா?"

"வராது."

"தோத்தா?"

"அப்பவும் இதே ஆயிரத்து முன்னூறுதான்."

கண்ணாடியைக் கழற்றி லுங்கி முனையில் துடைத்தார். "அப்புறம் இதை ஏன் கவர்மென்ட்டு பிடிக்காம வச்சிருக்கு?"

"காசு வராததாலதான் அத்தா பிடிக்கலை."

சட்ட அமைச்சகம் இவ்வளவு சுருக்கமாக விளக்கியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். அத்தா விடவில்லை. அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறாய் என்றார். உள்ளதைச் சொன்னேன்: இன்று காலை மலையடிவாரத்தில் செம்புத் தாது வெட்டினேன், ஏரியில் மீன் பிடித்தேன், காட்டுப் பன்றி பத்து அடித்துத் தோலை உரித்து ஒரு கிழவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாளைக்கும் அதே கிழவன் அதே பத்துப் பன்றி கேட்பான். "கூலி எவ்வளவு?" என்றார் அத்தா. கூலியை நாம்தான் கொடுக்க வேண்டும் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எங்கள் ஊர் பேரூராட்சி என்பதால் அந்தத் திட்டம் இங்கே கிடையாது. சுற்றியுள்ள கிராமங்களில் உண்டு. அங்கே ஓர் அம்மா நாலு நாள் வெயிலில் மண் வெட்டிச் சம்பாதிப்பதை, நான் நிழலில் உட்கார்ந்து செம்பு வெட்டுவதற்காகக் கட்டுகிறேன். அவர் வெட்டிய குளத்தில் மழை பெய்தால் தண்ணீராவது நிற்கும். என் வேலைக்கும் ஒரு அட்டை போட்டு வருகைப் பதிவு வைக்க ஆணையம் பரிந்துரைக்க வேண்டும். கூலி வேண்டாம், அட்டை போதும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகை ஆட்டங்களிலேயே பெரிய ஜமீனான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வந்தது. 2010இல் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் சந்தா கட்டினார்கள். அமெரிக்காவில் அதன் மாதக் கட்டணம் அன்றும் 14.99 டாலர், இன்றும் அதேதான். இருபது வருஷமாக விலையை ஏற்றாத வேறு சரக்கு ஒன்றை யாராவது காட்டட்டும். ஆனால் அன்று டாலர் 45 ரூபாய் பக்கத்தில் இருந்தது, இன்று ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடைக்காரன் விலையை ஏற்றாத குறையை நம் ரூபாய் தானாகவே இறங்கித் தீர்த்து வைத்தது.

அதற்கு முந்தைய காலத்தில் மணிக்கணக்கு. 1985இல் கம்ப்யூசர்வ் வழியாக ஆடிய ஐலண்ட்ஸ் ஆஃப் கெஸ்மாய்க்கு மணிக்கு ஆறு டாலர். வேகமான மோடம் வைத்திருந்தால் பன்னிரண்டு. எழுத்தும் குறியீடும் மட்டுமே திரையில் ஓடிய ஆட்டத்துக்கு இவ்வளவு! மணிக்கு வாடகை வாங்கிய நம்மூர் பிரவுசிங் சென்டர் அண்ணன்கள் மகான்கள். 1997இல் அல்டிமா ஆன்லைன் மாதம் 9.95 டாலர் என்று மொத்த விலை வைத்ததும் எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது. மீட்டர் ஓடவில்லை, எவ்வளவு நேரமானாலும் ஆடலாம்.

சிக்கலே அங்கேதான் பிறந்தது, ஐயா. மணிக்கு விற்றவனுக்கு என் மணி வேண்டும். மாதத்துக்கு விற்கிறவனுக்கு என் அடுத்த மாதம் வேண்டும். கதையைப் பத்து நாளில் முடித்துவிட்டால் பதினோராம் நாள் சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே பெரிய அரக்கனை வாரத்துக்கு ஒரு தடவைதான் அடிக்கலாம். அவனிடம் நாற்பது பொருள் இருந்தால் எனக்கு விழுவது ஒன்று, அதுவும் என் சாதிக்கு ஆகாத கோடரி. (மந்திரவாதி சாதி. வேறு அர்த்தம் வேண்டாம்.) அடுத்த வாரம் திரும்ப வா. தினசரி வேலை, வாராந்திர வேலை, திருவிழாக் கால வேலை. ஆயிரத்து முன்னூறு ரூபாயைக் கார்டு கட்டிவிடுகிறது. மீதி விலையை ராத்திரிகளாக நான் கட்டுகிறேன். அதற்கு எந்த வங்கியும் 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்புவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் சந்தா ஆட்டத்தின் பக்கம்தான் நான் நிற்பேன். காரணம் அதன் எதிர்க்கடை. ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக் 2011 டிசம்பரில் சந்தா ஆட்டமாக வந்தது, 2012 நவம்பரிலேயே வாசலைத் திறந்து இலவசம் என்று பலகை மாட்டியது. இப்படிப் பலபேர் பலகை மாட்டினார்கள். இலவசம் என்றால் எப்படி இலவசம் என்பது தமிழ்நாட்டுக்காரனுக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இலவசத் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறான். துப்பாக்கிக்கு வர்ணம், ஆளுக்குச் சட்டை, சட்டை விழுமா விழாதா என்று தெரியாத பெட்டி, பெட்டிக்குச் சாவி. அவன் வீட்டில் யாருக்கும் மாதச் செலவு எவ்வளவு என்று இன்று வரை தெரியாது, ஏனென்றால் அதற்கு மாதம் என்ற ஒன்றே கிடையாது. இந்த மாதிரிப் பெட்டிகளை பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டக் கணக்கில் சேர்த்துவிட்டது. உள்ளே இருப்பது பணமாக மாறாத சட்டை என்றால் நம்மூரில் அது எந்தப் பிரிவில் வரும் என்பதை ஆணையம் ஓய்வாக இருக்கும்போது யோசிக்கலாம். சந்தாக்காரன் ரசீதை முகத்துக்கு நேரே நீட்டுகிறான். அந்த ஒரு யோக்கியதைக்காகவே அவனை மன்னிக்கிறேன். கூட ஆட நாலு கூட்டாளிகள் இருக்கும் மாதத்தில் அந்தப் பணம் தகும். தனியாக உட்கார்ந்து பன்றி அடிக்கும் மாதத்தில் தகாது, நிறுத்திவிடலாம். திரும்பிப் போனால் மந்திரவாதி விட்ட இடத்திலேயே தாடியோடு நின்றுகொண்டிருப்பான்.

மந்திரவாதி நிற்பான், வீடு நிற்காது. ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற சந்தா ஆட்டத்தில் மனை அவ்வளவு தட்டுப்பாடு. 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் வைத்துத்தான் பெரும்பாலும் ஒதுக்குகிறார்கள். குலுக்கலில் விழுந்து, வீடு கட்டி, தொடர்ந்து 45 நாள் உள்ளே கால் வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் ஊரில் வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அவர்களுக்கு இந்த விதியைப் படித்துக் காட்டினேன்; அடுத்த விமானத்தைத் தேடினார்கள். புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே போட்டாலும் அந்த வீடு நிற்காது. ஆனாலும் இரக்கம் உள்ளவர்கள்: 2020இல் கொரோனா வந்தபோது இடிப்பை நிறுத்தி வைத்தார்கள். 2021 டிசம்பரில் கூட்டம் தாங்காமல் வாசலில் வரிசை நின்றபோது, புது விற்பனையையே நிறுத்தி, கட்டியவர்களுக்கெல்லாம் கூடுதல் நாள் சும்மா கொடுத்தார்கள். கூட்டம் அதிகம் என்று கல்லாவை மூடிய கடையை நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான்.

ராஜ்ஜியமே மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த கதை. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பர் 30ஆம் தேதி நின்றது. பல வருஷம் கப்பம் கட்டிய வீரர்கள் கடைசி நாளில் தங்கள் வேஷத்தோடு கூடி நின்று, விளக்கணைந்ததும் வெளியே வந்தார்கள். சந்தா இல்லாமல் ஒரே தடவை முழு விலை கொடுத்து வாங்கிய தி க்ரூ என்ற கார் ஆட்டமும் 2024இல் செத்தது. அதற்காக ஐரோப்பாவில் ஒரு கிளர்ச்சி கிளம்பி, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அந்த அளவுக்கு நான் போகவில்லை. என் மந்திரவாதியின் பெயரில் ஒரு பட்டா, சிட்டா, எனக்குப் பின் வாரிசுச் சான்று, இவ்வளவு கிடைத்தால் போதும். வில்லங்கம் எதுவும் இல்லை. ஓர் ஆட்டுக்கிடாயும் இரண்டு டிராகனும்தான் சொத்து.

உங்கள் நள்ளிரவு விதியைப் பற்றி அம்மா தனியாக ஒரு மனு கொடுக்கச் சொன்னார். என் கூட்டாளிகள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை முடிந்து, சாப்பிட்டு, அரக்கனை அடிக்க வரும்போது கீரனூரில் மணி பன்னிரண்டு. இங்கே நான் அழுத்திய மந்திரம் கடல் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் சில சமயம் நான் செத்திருப்பேன். தீயணைப்பு வண்டி மாதிரி கத்துகிறான் என்று அம்மா சொல்வது அந்த நேரத்தைத்தான். 12 முதல் 5 வரை என்ற விதியை, காசு வரும் ஆட்டத்துக்கு மட்டும் என்று வைக்காமல், தூக்கம் போகும் ஆட்டத்துக்கும் நீட்டிக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அதை அப்படியே பதிவு செய்கிறேன். பரிந்துரைக்கவில்லை.

ஆகவே ஐயா, மேற்படி மந்திரவாதி பந்தயம் எதுவும் வைக்காதவன், எதையும் ஜெயிக்காதவன், ஜெயிக்கும் எண்ணமும் இல்லாதவன், எனவே சட்டப்படி ஊக்குவிக்கத் தக்கவன் என்று ஒரு சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அத்தாவிடம் காட்ட வேண்டும். அரசு முத்திரை இருந்தால்தான் நம்புவார். அடுத்த தொகையைப் பிடிப்பதற்குள் கிடைத்தால் நல்லது. தாமதமானால் பாதகமில்லை, அந்த மாதத்தையும் சேர்த்தே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தா நிலுவை இல்லாத மந்திரவாதி