பன்னிரண்டாமவர்: புலாவ் உபின் படகுத்துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

சிங்கப்பூரில் பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்பதைக் கைப்பேசி சொல்லிவிடும். ரயில் வரும் நேரம் நடைமேடைத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் சனிக்கிழமை காலை 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் வந்து இறங்கி, உணவங்காடியில் நாசி லெமாக்கை முடித்துக்கொண்டு, பக்கத்துப் படகுத்துறைக்குள் நுழைகிறவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. புலாவ் உபின் தீவுக்குப் போகும் மரப்படகுக்குக் கால அட்டவணை இல்லை. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், சேராவிட்டால் கிளம்பாது. தலைக்கு மேலே, பக்கத்து விமான நிலையத்தை நோக்கி நூற்றுக்கணக்கானோரைச் சுமந்த விமானங்கள் நேரம் தவறாமல் இறங்குகின்றன. கீழே 11 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டாமவர் யார், ஏன் இன்னும் வரவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வெல்லை

உபின், சிங்கப்பூரின் வடகிழக்கே ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கருங்கல் தீவு. 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குக் கல் போனது இங்கிருந்துதான். கைவிடப்பட்ட கல்குழிகள் இன்று ஏரிகளாகிவிட்டன. கம்பத்து வீடுகள், வாடகை மிதிவண்டிகள், காட்டுப்பன்றிகள் உண்டு. 2001ஆம் ஆண்டு இறுதியில் கடல் தூர்ப்பிலிருந்து தப்பிய செக் ஜாவா சதுப்பு நிலமும் உண்டு. இவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். படகுப் பயணம் பத்து நிமிடம். காத்திருப்பு அதைவிட நீளக்கூடியது. ஆகவே உபின் பயணத்தின் பெரும்பகுதி சாங்கியிலேயே நடந்துவிடுகிறது என்பது பெறப்படும். நம் ஆய்வும் படகுத்துறைப் பெஞ்சைத் தாண்டிப் போகாது.

3. ஏன் பன்னிரண்டு?

தமிழுக்கு உயிர் 12. ராசி 12. ஆழ்வார் 12. நம்பியாண்டார் நம்பி பதினொரு திருமுறைகளை வகுத்து வைத்த பிறகு, சேக்கிழார் வந்து ஏறும்வரை சைவ உலகமே துறையில் காத்திருந்தது. ஆக, பதினொன்றோடு உட்கார்ந்திருப்பது நமக்குப் புதிதல்ல.

4. காத்திருப்போர் வகை

(அ) எண்ணுபவர். எல்லாரையும் விரல் நீட்டாமல், கண்ணாலேயே எண்ணுவார். ஒருமுறை தன்னை விட்டுவிட்டு எண்ணுவார். மறுமுறை தன்னை இருமுறை எண்ணுவார்.

(ஆ) கழிவறைக்குப் போகிறவர். எண்ணிக்கை 11ஐத் தொடும்போது எழுந்து போவார்.

(இ) தூதர். "ஃபிரண்ட்ஸ் ரெண்டு பேர் வந்துக்கிட்டே இருக்காங்க, இங்கதான் சாங்கியில" என்பார். அந்த நண்பர்கள் தெம்பனீசில் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள்.

(ஈ) மிதிவண்டிக்காரர். வண்டிக்குத் தனிக் கட்டணம் கட்டுவார். ஆனால் வண்டி தலைக்கணக்கில் சேராது. இதில் அவருக்கு நிரந்தர மனக்குறை.

5. குடும்பச் சிக்கல்

ஒன்பது பேர் இருக்கும்போது ஐவர் கொண்ட குடும்பம் வருகிறது என்று கொள்வோம். மூவர் ஏறினால் படகு கிளம்பிவிடும். மருமகன் அதைத்தான் சொல்கிறார்: "அத்தை, நீங்க, மாமா, பாப்பா மூணு பேரும் முன்னாடி போங்க. நாங்க ரெண்டு பேரும் அடுத்த போட்டுல வர்றோம்."

"புளிசாதம் உங்க பையில இருக்கு மாப்பிள்ளை. தட்டு என் பையில இருக்கு. நாங்க அங்க போயி தட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

புளிசாதத்தை இடம் மாற்றலாம் என்ற யோசனை எழுகிறது. அதற்குப் பையின் அடிவரை கலைக்க வேண்டும் என்று மகள் சொல்ல, அதுவும் கைவிடப்படுகிறது. இப்போது துறையில் 14 பேர். ஆனாலும் 12 பேர் இல்லை. கணிதத்தில் தீராத இந்த முரணைப் படகோட்டி அங்கிள் ஒரு கொட்டாவியால் தீர்த்துவைக்கிறார்.

தொல்காப்பிய நெறிப்படி கடற்கரைக்கு உரியது நெய்தல்; அதன் உரிப்பொருள் இரங்கல். இத்துறையிலோ முதலில் வந்தவர்கள் முல்லைக்குரிய இருத்தலை மேற்கொள்கிறார்கள். ஒன்பதாமவருக்குப் பின் இரங்கல் தொடங்குகிறது. குடும்பத்தில் பாலைக்குரிய பிரிவுப் பேச்சு எழுந்து, புளிசாதத்தால் மருதத்தின் ஊடலாகிறது. படகு நிறையும்போது குறிஞ்சிக்குரிய கூடல். திணை மயக்கம் இலக்கணத்தில் ஏற்கப்பட்டதுதான். ஆனால் ஐந்து திணையும் ஒரே பெஞ்சில் மயங்குவது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

6. பணவழித் தீர்வு

ஆளுக்கு 4 வெள்ளி, படகுக்கு 48. குறையும் காசைப் பங்கிட்டுக் கொடுத்தால் உடனே கிளம்பலாம், தடையில்லை. 11 பேர் இருந்தால் ஆளுக்கு 36 காசுதான் கூடுதல். எனினும் இந்த யோசனையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காரணங்கள் இரண்டு. ஒன்று, 36 காசு வீதம் போட்டாலும் 4 காசு துண்டு விழும். அதை யார் போடுவது? இரண்டு, காசைக் கொடுத்த மறுகணம் பன்னிரண்டாமவர் வந்து நிற்பார் என்ற அச்சம். இவ்வூரில் கியாசு என்று வழங்கும் இந்த மனநிலை, 36 காசைக் காப்பாற்ற அரை மணி நேரத்தைத் தாராளமாகச் செலவிடும்.

7. மறுப்பும் விடையும்

"வாரயிறுதியில் கூட்டம் அலைமோதும், படகு உடனுக்குடன் நிறைந்துவிடும், ஆகவே இவ்வாய்வுக்கு அடிப்படையே இல்லை" என்பர் சிலர். படகு நிறைவது உண்மை. நிறைந்து கயிறு அவிழ்த்த பிறகு வந்து சேரும் பதின்மூன்றாமவர் ஒருவரும் எப்போதும் உண்டு. அவர் அடுத்த படகின் முதலாமவர். அவர் பக்கம் நின்று எழுதப்பட்டது இக்கட்டுரை.

8. முடிபு

பன்னிரண்டாமவருக்குத் தாம் பன்னிரண்டாமவர் என்பது தெரியாது. கையில் தண்ணீர்ப் போத்தலோடு நிதானமாக வருவார். பதினொரு பேரும் எழுந்து நிற்பார்கள். அதை மரியாதை என்று நினைத்துப் புன்னகைப்பார். யாரும் நன்றி சொல்வதில்லை. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்கிற பார்வைதான். அவர் அமர்வதற்குள் இயந்திரம் உறுமும். திங்கட்கிழமை அலுவலகத்தில் அவர் அடித்துச் சொல்வார்: "உபின் போறதுல என்ன கஷ்டம்? போனேன், போட்டு ரெடியா நின்னுச்சு."

ஆகவே இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. உபின் போக யாரிடமாவது யோசனை கேட்டால், எத்தனையாவது ஆளாகப் படகேறினார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.