நாலு பேரேடும் ஒரு குதிரை வண்டியும்

கௌபாய் படம் பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் துப்பாக்கிச் சண்டை எதற்காக நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கத்துக்காக, திருடுபோன குதிரைக்காக, செத்துப்போன அண்ணனுக்காக. 1889 ஜனவரி 12-ம் தேதி, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், டாட்ஜ் சிட்டியில் மார்ஷல் உத்தியோகம் பார்த்துப் பேர் வாங்கிய அசல் வீரர்கள் ஒரு குதிரை வண்டியில் வந்து இறங்கி ஓர் ஊரையே கதிகலங்க வைத்தார்கள். அவர்கள் அள்ளிக்கொண்டு போக வந்த பொக்கிஷம், தாலுகா ஆபீஸ் கணக்குப் புத்தகங்கள்!

சிரிக்க வேண்டாம். இதில் ஒருவர் செத்தே போனார்.

கொஞ்சம் பின்கதை. அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே கவுண்டி என்று ஒன்று உண்டு. (கவுண்டமணி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) நம்மூர்த் தாலுகா ஆபீஸ், பத்திரப் பதிவு ஆபீஸ், கோர்ட், ஜெயில் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே அடைத்தால் கவுண்டி அரசாங்கம் ரெடி. அந்தக் கூரை எந்த ஊரில் இருக்கிறதோ அது கவுண்டியின் தலைநகர். கூரை என்றதும் தூண், கோபுரம், படிக்கட்டு என்று கற்பனை செய்யாதீர்கள். பல ஊர்களில் அது கடைக்கு மேலே ஒரு மாடி ரூம்.

1880-களில் மேற்குக் கான்சாஸுக்கு ஜனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். 160 ஏக்கர் நிலம், ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் சொந்தம். யாருக்குத்தான் கசக்கும்? வந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். மரம் கிடையாது. வீடு கட்ட மரம் இல்லாமல் புல்தரையையே வேரோடு செங்கல் மாதிரி வெட்டி அடுக்கிக் குடியிருந்தார்கள். அப்படிப்பட்ட சனங்களுக்கு என்ன தேவை? கிணறு, பாதை, பாலம், பள்ளிக்கூடம். புதிதாகப் பிறந்த கவுண்டி அரசாங்கங்களும் மக்கள் தேவையை உணர்ந்து உடனே காரியத்தில் இறங்கின. எந்த ஊரில் உட்காருவது என்று அடித்துக்கொண்டன.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தலைநகர் வந்தால் கோர்ட் வரும். கோர்ட் வந்தால் வக்கீல். வக்கீல் வந்தால் கட்சிக்காரன், கட்சிக்காரன் வந்தால் ஓட்டல், ஓட்டல் வந்தால் மனை விலை. மனையெல்லாம் யாருடையது? ஊரை உண்டாக்கிய மகானுபாவருடையது. சரித்திரத்தில் ‘எங்கள் ஊருக்குத்தான் ஜெயில் வேண்டும்’ என்று குடிமக்கள் துப்பாக்கி தூக்கிய காலம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பேர் வைப்பதில் மட்டும் யாரும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பத்துக் கொட்டகை சேர்ந்த இடத்துக்கு எமினென்ஸ் என்று பேர், அதாவது மேன்மை. இன்னொன்று மான்டெசுமா, அஸ்டெக் சக்கரவர்த்தியின் பெயர். நம்மூர் ரியல் எஸ்டேட்காரர்கள் பொட்டல் காட்டில் கல் நட்டு ‘ராயல் கார்டன்’ என்று போர்டு வைப்பதை இனிமேல் கிண்டல் செய்யாதீர்கள். அது ஒரு சர்வதேசப் பாரம்பரியம்.

கிரே கவுண்டிக்கு வருவோம். அங்கே சிமரான் என்று ஓர் ஊர் ஏற்கனவே இருந்தது. அது பாட்டுக்குத் தலைநகராகியிருக்கும். விதி, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரிலிருந்து ஏ. டி. சோல் என்ற கோடீஸ்வரர் வடிவத்தில் வந்தது.

சோல் ஐயா எப்படிக் கோடீஸ்வரர் ஆனார்? ‘ஹாப் பிட்டர்ஸ்’ என்ற சர்வரோக நிவாரணி விற்று. அந்தக் காலத்து பிட்டர்ஸ் மருந்துகளில் வேர் கொஞ்சம், இலை கொஞ்சம், சாராயம் தாராளம். குடியைக் கையால் தொடாத உத்தமர்கள் தினமும் ஸ்பூன் ஸ்பூனாகக் குணமடைந்துகொண்டிருந்தார்கள். விளம்பர வெறியில் மனிதர் ராச்செஸ்டர் பேஸ்பால் டீமுக்கே ஹாப் பிட்டர்ஸ் என்று பேர் வைத்தவர். அப்பேர்ப்பட்டவர் வந்து சேர்ந்த கான்சாஸிலோ, 1881-லிருந்து முழு மதுவிலக்கு.

வந்தவர் ஓர் ஊரை உண்டாக்கினார். அதுதான் இங்கால்ஸ். அங்கிருந்து ஆர்கன்சா ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோக 96 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார். 96 மைல்! நம் கணக்கில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேலே. கரிகாலன் பரம்பரை என்று கை தட்டத் தோன்றுகிறதல்லவா? ஒரே ஒரு வித்தியாசம். கரிகாலன் தண்ணீர் ஓடுகிற ஆற்றில் அணை கட்டினான். இங்கே மேலே கொலராடோக்காரர்கள் பாதித் தண்ணீரை மறித்துக்கொண்டார்கள். கோடையில் ஆறு வறண்டது. வந்த மிச்சத்தைக் கால்வாயின் மணல் குடித்தது. அந்தப் பகுதியில் ஹாப் பிட்டர்ஸ் குணப்படுத்தாத ஒரே தாகம் விவசாயிகளுடையதுதான்.

கால்வாய்தான் இப்படி, தலைநகராவது கிடைக்கட்டும் என்று 1887 தேர்தலில் இறங்கினார் சோல். மான்டெசுமாக்காரர்களும் ‘நாங்களும் போட்டியில் இருக்கிறோம்’ என்றார்கள். அவர்களை எப்படி வளைப்பது? ரயில் விடுகிறேன், ஓட்டை இங்கால்ஸுக்குப் போடுங்கள் என்றார். சொன்னபடி டாட்ஜ் சிட்டியிலிருந்து மான்டெசுமாவுக்கு ரயில் பாதையும் போட்டார். நாமெல்லாம் மிக்ஸி, கிரைண்டரோடு நின்றுவிட்டோமே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது.

சிமரான்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் கவுண்டியில் 72 பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பெயர் ஈக்வலைசேஷன் சொசைட்டி. சமத்துவம், சகோதரத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்கை ரொம்பச் சிம்பிள்: 72 ஓட்டும் ஒரே லாட்டாக விற்பனைக்கு, விலை 10,000 டாலர், கிடைப்பதைச் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொள்வது. சிமரான் தரப்பு சம்மதித்து, பத்திரமும் எழுதிக் கொடுத்தது. சங்கத்தார் நாணயமாகச் சொன்ன ஊருக்கே குத்தினார்கள். பணம் வரவில்லை. ஓட்டை விற்றவன் யோக்கியனாகவும் வாங்கியவன் மோசடிக்காரனாகவும் போன இந்தக் கொடுமையை எந்த கோர்ட்டில் போய்ச் சொல்வது?

தேர்தல் முடிவு வழக்குக்குப் போனது. வாய்தா, வாய்தா, வாய்தா. பொறுமை தீர்ந்த இங்கால்ஸ் தரப்புக்கு ஒரு ஞானோதயம். கவுண்டி அரசாங்கம் என்றால் என்ன? யோசித்துப் பார்த்தால், நிலப் பதிவுப் பேரேடு, வரிப் பேரேடு, கோர்ட்டுக் கட்டு. கம்ப்யூட்டர் கிடையாது, காப்பி கிடையாது. அந்த நாலு பேரேடு எந்த ஊர் அலமாரியில் இருக்கிறதோ அந்த ஊர்தான் அரசாங்கம். இன்றைக்கு பாஸ்வேர்ட் திருடுவார்கள். அன்றைக்குப் பாஸ்வேர்டையே ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது.

பேரேடுகள் இருந்ததோ சிமரானில். அவற்றைத் தூக்கத்தான் அந்தக் குதிரை வண்டி. பில் டில்க்மன், ஜிம் மாஸ்டர்சன், இன்னும் சிலர். முறைப்படி டெபுடி பேட்ஜ் எல்லாம் குத்திக்கொண்டு, சட்டப்படி திருட வந்தார்கள். இங்கால்ஸ் தரப்பு கிளார்க்கும் கூடவே வந்தார். எது வரிப் பேரேடு, எது வெற்று நோட்டு என்று துப்பாக்கி வீரனுக்குத் தெரியாதல்லவா? கற்பனை செய்து பாருங்கள். எத்தனையோ ரவுடிகளை அடக்கிய டாட்ஜ் சிட்டி மாஜி மார்ஷல், இடுப்பில் இரண்டு துப்பாக்கி, மார்போடு அணைத்தபடி 1888-ம் வருஷத்து வரி பாக்கி.

ஊர் விழித்துக்கொண்டது. கடையிலிருந்து, ஜன்னலிலிருந்து, கூரையிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். வண்டி கிடைத்த புத்தகங்களோடு பறந்தது. மாடியில் இருந்த ஜிம் மாஸ்டர்சனும் சிலரும் மாட்டிக்கொண்டார்கள். கீழேயிருந்து ஊர்க்காரர்கள் மரத் தளத்தைத் துளைத்து மேலே சுட, வீரர்கள் இரும்புப் பெட்டியின் மேல் ஏறி நின்று தப்பித்ததாகச் சொல்வார்கள். ஜிம்மின் அண்ணன் பேட் மாஸ்டர்சன், ‘என் தம்பியை விடாவிட்டால் ரயில் பிடித்து ஆட்களோடு வந்து ஊரையே அழித்துவிடுவேன்’ என்று தந்தியடித்ததாகவும் ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, தந்திக்கே உரிய ஒழுங்கான பாச ஆக்‌ஷன் வசனம். கடைசியில் சரண்டராகி ரயிலேறி வீடு போய்ச் சேர்ந்தார்கள். கோர்ட்டிலும் விடுதலை. சிமரானில் ஒரு வீட்டில் மட்டும் அன்றைக்கு இழவு.

டில்க்மன் பிற்காலத்தில் ஓக்லஹோமாவில் கொள்ளைக்காரர்களைப் பிடித்துப் பெரும் புகழ் பெற்றார். 1915-ல் அந்த வீரசாகசங்களைச் சினிமாவாகவே எடுத்தார். பேரேடு தூக்கிய சீன் அதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, இங்கால்ஸ் ஜெயித்ததா? புத்தகங்கள் போனதென்னவோ உண்மை. ஆனால் 1890 ஜனவரியில் சோல் காலமானார். பணம் நின்றதும் ஊரின் உற்சாகமும் நின்றது. 1893-ல் தலைநகர் மறுபடி சிமரானுக்கே வந்து, இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. மான்டெசுமாவுக்கு ஓட்டுக்குக் கொடுத்த ரயில் பாதையையும் சில வருஷத்தில் பிடுங்கிவிட்டார்கள். நாம் வாங்கிய கிரைண்டரை இதுவரை யாரும் திரும்பக் கேட்கவில்லை என்பதை நன்றியோடு நினைவில் கொள்ளவும்.

இவர்களாவது துப்பாக்கியால் சண்டை போட்டார்கள். பக்கத்தில் கார்ஃபீல்டு கவுண்டி என்று ஒன்று 1887-ல் பிறந்தது. அங்கே எமினென்ஸுக்கு எதிராகத் தலைநகர் கேட்ட ஊரின் பெயர் ராவணா. நான் வைத்த பேரில்லை, சத்தியமாக அந்த ஊர்ப் பேரே அதுதான்.

தேர்தலில் 35 ஓட்டு வித்தியாசத்தில் ராவணா ஜெயித்தது. எமினென்ஸ் கள்ள ஓட்டு என்று கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் எண்ணிப் பார்த்து, ஆமாம் கள்ள ஓட்டுத்தான் என்று தலைநகரைத் தூக்கி எமினென்ஸிடம் கொடுத்தது. மேன்மை வென்றது, ராவணா வீழ்ந்தது, சுபம் என்று எழுந்துவிடாதீர்கள்.

ராவணாக்காரர்களுக்கு அரசியல் சாசனத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. கான்சாஸில் எந்தக் கவுண்டியும் 432 சதுர மைலுக்குக் குறையக்கூடாது. நம்ம கவுண்டி எவ்வளவு? அளந்து பார்க்கலாமே! ராமன் வர வேண்டிய இடத்தில் சங்கிலியோடு சர்வேயர் வந்தார். அளந்தார். குறைந்தது. 1893-ல் கவுண்டியே செல்லாது என்று கலைத்துவிட்டார்கள். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத் தடை என்பதைப் பழமொழியாகத்தான் கேட்டிருக்கிறோம். சர்வே ஸ்கெட்ச் சகிதம் நிறைவேற்றியவர்கள் இவர்கள்.

இன்றைக்கு கான்சாஸ் வரைபடத்தில் ஃபின்னி கவுண்டியைப் பாருங்கள். வடகிழக்கு மூலையில் ஒரு துண்டு சட்டைப் பை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கார்ஃபீல்டு. ராவணாவும் இல்லை, எமினென்ஸும் இல்லை. அங்கே இப்போது பெரும்பாலும் எஞ்சியிருப்பது, அவர்கள் சண்டை போடுவதற்கு முன்னால் இருந்த அதே புல்.

எனக்குப் பிடித்த ஊர் மூன்றாவது. கிராண்ட் கவுண்டியில் யுலிஸிஸ். ஜனாதிபதி யுலிஸிஸ் கிராண்ட் பேரில் வைத்தது. போட்டி ஊரின் பேர் அப்போமாட்டாக்ஸ். உள்நாட்டுப் போரில் 1865-ல் எதிர்த் தளபதி லீ, கிராண்டிடம் சரணடைந்த இடத்தின் பெயர். சரணடைந்த இடத்தின் பேரை வைத்துக்கொண்டு கிராண்டின் ஊரோடு மோதினால் என்ன ஆகும்? 1888-ல் மறுபடியும் சரண்டர்.

ஆனால் யுலிஸிஸ் கொடுத்த விலை கொஞ்சமில்லை. ஓட்டுப் போடுவதையே தொழிலாக வைத்திருந்த ஆட்களைக் கூட்டி வந்து, உள்ளூர்வாசி என்று காட்டத் தேவையான நாள் வரை ஊர்ச் செலவில் தங்க வைத்து, சோறு போட்டு, குத்தி முடித்ததும் தலைக்கு 10 டாலர் கொடுத்தார்கள். கூவத்தூர்க்காரர்கள் கொஞ்சம் உரிமைத் தொகை கேட்கலாம். காசு எங்கிருந்து வந்தது? ஊர் பேரில் கடன் பத்திரம். ஓட்டு, அலங்காரம், ஆடம்பரம் என்று ஏறிய கடன் 84,000 டாலருக்கு வந்து நின்றது.

பிறகு மழை பொய்த்தது. வந்த ரயிலிலேயே சனங்கள் திரும்பிப் போனார்கள். ஓட்டுப் போட்டவன், ஓட்டை விற்றவன், தலைநகர் வேண்டும் என்று கத்தியவன் எல்லோரும் போய், மிஞ்சிய சில டஜன் குடும்பங்களின் தலையில் மொத்தக் கடன். கடன் கொடுத்தவர்கள் கிழக்கே நகரங்களில் உட்கார்ந்துகொண்டு வட்டியோடு கேட்டார்கள். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? செல்போனை ஸ்விட்ச் ஆஃப் செய்திருப்போம். யுலிஸிஸ்காரர்கள் ஊரையே ஸ்விட்ச் ஆஃப் செய்தார்கள்.

1909-ல் இரண்டு மூன்று மைல் தள்ளிப் புதிதாக மனை போட்டு, வீடுகளை அஸ்திவாரத்திலிருந்து கிளப்பி, கீழே கட்டை கொடுத்து, குதிரை பூட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். எட்வர்ட்ஸ் ஓட்டல் ரொம்பப் பெரிசு. அதை மூன்று துண்டாக அறுத்து, துண்டு துண்டாக இழுத்துப்போய் மறுபடி சேர்த்தார்கள். அது இன்றும் அந்த ஊர் மியூசியத்தில் நிற்கிறது. போய்ச் சேர்ந்ததும் ஊருக்கு வைத்த பேர் புது யுலிஸிஸ். கடன்காரன் கண்டுபிடிக்கக்கூடாதே என்று இதைவிட அடக்கமாக யாராலும் ஒளிந்திருக்க முடியாது.

கடன் கொடுத்தவர்களுக்குப் பழைய ஊரை அப்படியே விட்டுக்கொடுத்தார்கள். தெரு இருந்தது, மனை இருந்தது, மூலைக்கல் இருந்தது. மேலே ஒரு வீடு இல்லை. அந்த நிலத்தைத் தங்கள் பேரில் முறைப்படி பதிந்துகொள்ள வேண்டுமானால் பாவம், அவர்கள் கவுண்டி தலைநகருக்குத்தான் போக வேண்டும். மேற்கே இரண்டு மூன்று மைல். பேரேடும் வண்டியேறி அங்கே போயிருந்தது.