ஓட்டைப் பார்க்காதே, நோட்ஸைப் பார்

ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் பாடம் "வரலாறு என்றால் என்ன?" கல்வெட்டு, நாணயம், பானை ஓடு என்று கிடைத்ததை வைத்து, அந்தக் காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கச் சொல்லித்தரும் பாடம். நல்ல பாடம்தான். பாடம் முடிந்ததும் "உயர் சிந்தனை வினா" என்று வேறு போட்டிருக்கிறார்கள். பிள்ளையே யோசிக்க வேண்டுமாம்.

விடுவோமா? கைடு போடுகிறவன் பிள்ளைக்கு முன்னாலேயே யோசித்து முடித்துவிட்டான். மூன்று வரி விடை, அடிக்கோட்டோடு. கரும்பலகையில் அதை எழுதிப்போட, நாற்பது பிள்ளைகள் நாற்பது நோட்டில் இறக்கிக்கொள்கிறார்கள். நாற்பது தலை, ஒரே உயர் சிந்தனை. இடையில் ஒரு வாண்டு எழுந்து, "சார், இந்த ஓட்டுக்கு அடியில கரி புடிச்சிருக்கே, அப்ப இதுல சோறு ஆக்கியிருப்பாங்களா?" என்று கேட்டால், "பரீட்சைக்கு வராது, உட்காரு." வரலாறு அங்கேயே செத்தது.

வாத்தியாரை மட்டும் திட்டி என்ன பயன்? தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்டு மேலிருந்து ஓலை வரும். வருஷம் முழுக்க ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்கவில்லையே, ஏன் என்று எந்த அதிகாரி மெமோ கொடுத்தார்?

பல நாட்டுப் பிள்ளைகள் எழுதும் பீசா தேர்வு நினைவிருக்கிறதா? படித்ததையும் பார்த்த வரைபடத்தையும் வைத்து 15 வயதுப் பிள்ளை தானாக ஒரு முடிவுக்கு வருகிறதா என்று பார்ப்பது. 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக நடந்த தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் உட்கார்ந்தன. எழுபதுக்கு மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரண்டுக்கும் கிடைத்தது கிர்கிஸ்தானை ஒட்டிய கடைசி பெஞ்ச். இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? நாட்டின் கல்வியை ஆளும் பெரியவர்கள் ஊகித்தார்கள்: கேள்வித்தாள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் கூடத்துக்கே பூட்டுப் போட்டார்கள். 2012, 2015, 2018 என்று மூன்று சுற்றுக்கும் இந்தியா போகவில்லை. 2021-க்கு வருகிறோம் என்றார்கள். கொரோனாவால் அது 2022-க்குத் தள்ளிப்போக, அதற்கும் போகவில்லை. மதிப்பெண் குறைந்ததால் ரேங்க் கார்டை ஒளித்துவைக்கும் பிள்ளையை முட்டிபோட வைக்கிறோம். இவர்களை?

பானை ஓட்டை வைத்து ஊகித்துப் பார்க்க, அகழாய்வு நடந்த கீழடிக்கு வாருங்கள். ஓட்டில் ஆதன் என்று கீறியிருக்கிறது, குவிரன் என்று கீறியிருக்கிறது. தன் பானையில் பெயர் எழுதிவைத்த ஆள் இருந்தால், எழுத்து அரண்மனையோடு நிற்கவில்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். அங்கே முதல் இரண்டு கட்டம் தோண்டிய மத்தியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணாவுக்கு 2017-இல் அசாமுக்கு மாற்றல். 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து, 2025 மே மாதத்தில், திருத்திக் கொடு என்று திருப்பியனுப்பினார்கள். அதில் சொன்ன காலக் கணிப்பை மாற்ற அவர் மறுத்தார். அடுத்த மாதமே நொய்டாவுக்கு மாற்றல் உத்தரவு. கேட்டால், இன்னும் அறிவியல் சான்று போதாதாம். ஓடு பேசுகிறதே என்று பார்த்தால், ஓட்டை எடுத்தவருக்கு ரயில் டிக்கெட்.

நம் மேடைச் சிங்கங்கள் மட்டும் யோக்கியமா? மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கரிமக் கணக்கு கி.மு. 580 என்கிறது. மைக் கிடைத்ததும் அதே ஓட்டைத் தூக்கிக் காட்டி இருபதாயிரம் வருஷம் என்று முழங்குகிறார்கள். மத்தியத் துறையினர் காலத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள், இவர்கள் ஏற்றப் பார்க்கிறார்கள். ஓட்டை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

கீழடி அருங்காட்சியகம் 2023-இல் திறந்தாயிற்று. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் ஓட்டைக் காட்டி, "இது எதுக்குடா இருந்திருக்கும்? எப்படிச் சொல்ற?" என்று கேளுங்கள். அது தப்பாகச் சொல்லட்டும், பரவாயில்லை. பதில் வரும்வரை பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையை மட்டும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.