நாலு படிக்கு மூணேகால் படி

சட்டமுறை எடையளவுத் துறை அதிகாரிகளுக்கு, கோவில்பட்டியிலிருந்து வணக்கம்.

2020இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தில் நிகர எடை அச்சாக வேண்டும். சுற்றிய தாளின் கனத்தை மிட்டாய்க் கணக்கில் சேர்த்தால் பிடித்துவிடுவீர்கள். நியாயம்தான். ஆனால் '4 ஜிபி ரேம்' என்று விற்ற மேசைக் கணினியில் 32-பிட் விண்டோஸைத் திறந்து பாருங்கள். 4 ஜிபி என்று உரக்கச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'பயன்படுவது 3.25' என்று முணுமுணுக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணோம். உளுந்தை இப்படி அளந்த கடைக்காரரின் படி இந்நேரம் உங்கள் அலுவலகத்தில் இருக்கும்.

நினைவகம் எங்கும் போகவில்லை, முகவரிதான் போதவில்லை என்பார்கள் விவரமறிந்தவர்கள். உண்மை. 32 பிட்டுகளைக் கொண்டு 4,294,967,296 கதவெண்கள்தான் போட முடியும். கிராஃபிக்ஸ் அட்டை முதலான சாதனங்களும் அதே தெருவில் எண் கேட்கின்றன; மேல்கோடியில் அவற்றுக்கு ஒதுக்கியதும், அங்கிருந்த ரேமுக்கு வீடு உண்டு, கதவெண் இல்லை. மதர்போர்டோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸோ ரேமிலேயே ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். 64-பிட்டிலும் அந்தப் பிடித்தம் உண்டு. இருக்கட்டும். டப்பாவும் இடம் அடைக்கிறதே என்று மிட்டாய்க்காரர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? அதோடு, எண்ணுக்குப் பஞ்சமே இல்லாத 64-பிட் விண்டோஸ் 7இல் ஹோம் பேசிக்குக்கு 8 ஜிபி, ஹோம் பிரீமியத்துக்கு 16 ஜிபி என்று வரப்பு போட்டிருந்தார்கள். அது பொறியியல் அல்ல, விலைப்பட்டியல்.

குறை பயன்படுத்துபவர் பக்கமும் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. கோடையில் கரிசல் புழுதி நுழையாத பெட்டி இந்த வட்டாரத்தில் ஏது? மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து மாட்டினாலே பல வழக்குகள் தீரும். பிறகும் பயாஸிலேயே குறைவாகக் காட்டினால், ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பார்த்துக் கெட்டது எது என்று கண்டுபிடிக்கலாம். பயாஸில் முழுசாக இருந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால், எம்எஸ்கான்ஃபிக்கில் 'அதிகபட்ச நினைவகம்' என்ற கட்டத்தை யாராவது டிக் செய்து வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆகவே உங்கள் ஆய்வாளர்களுக்கு எடைக்கற்களோடு ஆளுக்கொரு அழிரப்பரும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தேய்த்துத் தேய்த்து ரப்பர் கரைந்தாலும் 3.25 நாலாகாது.

அந்த முக்கால் ஜிபியை மீட்டுத் தரச் சொல்லவில்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பெட்டியின் மேல், மிட்டாய்க்குப் போடுகிற அதே அளவு எழுத்தில், 'நிகரம்' என்று அச்சிடச் செய்தால் போதும். இந்த மனுவுக்குப் பதில் தட்டச்சாகப்போகும் உங்கள் அலுவலகக் கணினியில் அடைப்புக்குறிக்குள் என்ன காட்டுகிறது என்பதையும் அந்தப் பதிலிலேயே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜிபி கணக்கில் நுகர்வோர் ஒருவர்