பேராண்டி செய்யும் கதவு

வா பேராண்டி, வா. இஸ்தோப்புல அந்தச் சாக்க விரிச்சு ஒக்காரு. காருக்குக் கதவு செய்யப் போறியாம்ல? டிக்கோயா முழுக்க அதான் பேச்சு. கொழுந்து நிறுக்கிற எடத்துலகூட ஒன் கதவப் பத்தித்தான் பேசுறாங்க. கதவு இன்னும் வரல, கத வந்திருச்சு.

ஒன்னயச் சொல்லியும் குத்தமில்ல. 2020ல வாகன எறக்குமதிய நிறுத்துனாங்க. 2025ல தொறந்து விட்டப்ப, வெலையக் கேட்டவன் வந்த வழியே வீட்டுக்குப் போயிட்டான். நீ மட்டும் பழைய மாருதி எஞ்சினு ஒண்ணும் நாலு டயரும் வாங்கியாந்து காம்பராவுக்குப் பின்னால போட்டுட்ட. கெட்டிக்காரன்தான்.

கார்பன் பைபர்லதான் செய்வேன்னு நிக்கிறியாமே. நில்லு, தாராளமா நில்லு. கொழும்புல வேகானு ஒரு மின்சாரக் காரு செஞ்சாங்க, அதுக்கு ஒடம்பு கார்பன் பைபர்தான். ஆனா அதுக்குப் பின்னால கோட்ஜென்னு ஒரு கம்பெனி நின்னுச்சு. ஒனக்குப் பின்னால நிக்கிறது ஒங்கம்மாவோட சீட்டுக் காசு.

போன மாசம் ரிஜிபோம் அட்ட மேல ரெசின் ஊத்துனியே, என்னாச்சு? மழையில நனஞ்ச அப்பளமாட்டம் சுருங்கி, குழி விழுந்து, கடைசியில ஒண்ணுமில்லாமப் போச்சு. கடக்காரன் ஏமாத்திட்டான்னு கத்துன. அவன் என்னடா செய்வான்? பாலியெஸ்டர் ரெசினுக்குள்ள ஸ்டைரீன் கெடக்கு. ரிஜிபோமும் அதே வம்சம். சொந்தக்காரனச் சொந்தக்காரனே தின்னுட்டான். காணித் தகராறு நீ பாத்ததில்லையா? எபொக்சி வேற குடும்பம், ரிஜிபோமத் தொடாது. வெலயக் கேட்டா நீயும் தொடமாட்ட.

நான் ஸ்டோர்ல தேயிலப் பெட்டி அடிச்சவன்டா. இப்பத்தான் எல்லாம் கடதாசிச் சாக்கு. அப்ப மெல்லிசு மெல்லிசா ஒட்டுன பலகை, வெளிம்புல தகரப் பட்டை, உள்ளுக்குள்ள அலுமினியத் தாளு. அம்பது கிலோ சொச்சம் தூளு புடிக்கும். அட்டன் டேசன்ல ரயிலேறி, கொழும்புல கப்பலேறி, லண்டன் வரைக்கும் போகும். அந்தப் பலகைய ஒடைக்க முடியாததுக்குக் காரணம் என்னா? ஒரு தாளோட ரேகை நெடுக்க ஓடுனா, அடுத்த தாளோடது குறுக்க ஓடும். நெடுக்கப் பொளக்கலாம்னு பாத்தா குறுக்குக்காரன் விடமாட்டான். நீ காச நீட்டிக் கேக்குற கூட்டுப்பொருளு, அறுவது வருசமா ஒங்க பாட்டி அரிசி கொட்டி வச்சிருக்கிற பெட்டி.

கணக்கு வேணுமா? படிச்சவன், எழுதிக்க. 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஆறேகால் கிலோ. 3 மில்லி கண்ணாடி பைபர் நாலரைக்கிட்ட வரும். அதே 3 மில்லி ஒட்டுப்பலகை ரெண்டு கிலோ சொச்சம்தான்.

இன்னும் லேசா வேணும்னா அந்தப் பிஸ்கட் அட்டப்பெட்டியக் கிழி. கிழிடா. என்னா தெரியுது? மேல ஒரு தாளு, கீழ ஒரு தாளு, நடுவுல நெளிநெளியா வெறும் காத்து. மூணையும் பிரிச்சா ஒவ்வொண்ணும் கைக்குட்டையாட்டம் மடங்கும். சேந்து நின்னா மடங்காது. வளைக்கிறப்ப மேல்தோல் அமுங்கும், அடித்தோல் இழுபடும். நடுவுல உள்ளதுக்கு ரெண்டையும் தள்ளி வச்சு, வழுக்க விடாம புடிக்கிற வேலதான். அதுக்கு என்னத்துக்குக் கனம்?

இதே வித்தையில வெள்ளக்காரன் சண்டைக்குப் பிளேனே செஞ்சான். மொஸ்கிட்டோனு பேரு, 1940ல பறந்துச்சு. பர்ச் மரத்துத் தோலு ரெண்டு, நடுவுல பால்சாக் கட்ட. மேச நாற்காலி செஞ்ச பட்டறைக்காரங்களும் சேந்து செஞ்சது. பொறகு 1959ல பிராங்க் காஸ்டினும் ஜெம் மார்ஷும் மார்கோஸ்னு ஒரு காரச் செஞ்சாங்க, ஒட்டுப்பலகையிலயே கூடு. அது ரேசுக்கும் போச்சு. கெழக்கு ஜெர்மனிக்காரன் ட்ராபான்ட்டுக்கு இரும்பு கெடைக்காமப் பஞ்சுக் கழிவையும் பிசினையும் அமுக்கியே வெளித்தகடு செஞ்சான். முப்பது லச்சம் காரு ஓடிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா ஓடிச்சு. நம்ம கொழுந்துச் சாக்கையும் அப்பிடி ரெசின்ல நனச்சு ஒட்டலாம், அதப் பாத்து மொகத்தச் சுழிக்காத.

பைபர்தான் போடுவேன்னா போடு. ஒண்ணு தெரிஞ்சுக்க, பலம் நாருல இருக்கு, ரெசினு வெறும் பசை. வெட்டுன நாரப் பரப்புன பாய்க்கு அதோட எடையப்போல ரெண்டு மடங்கு ரெசினு போகும், நெய்த துணிக்குச் சரிக்குச் சரி போதும். கூட ஊத்துனா பலம்னு நெனைக்காத. கொழம்புல ஊறுன கொத்து ரொட்டியாட்டம் கனந்தான் ஏறும்.

நம்ம மூடுபனி வேற இருக்கு. ஆடி மழையில துணி ஈரம் குடிச்சு, பால் கலந்தாப்ல வெளுத்துப் போகும். குளிருக்கு ரெசினும் எறுகாது, ரெண்டு நாளு கழிச்சும் கையில பிசுபிசுக்கும். அதுக்குன்னு அடுப்புப் பக்கத்துல வச்சுத் தொலைக்காத, பத்திக்கும். தை, மாசிப் பனி வெலகி வெயில் அடிக்கிற பகல்ல செய். நூறு கிராம் ரெசினுக்கு ஹார்ட்னர் ஒண்ணுலருந்து ரெண்டு கிராம், அளந்து போடு, கண்ணுல படாமப் பாத்துக்க. ரெசினச் சீக்கிரம் எறுக வைக்கிற கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் மட்டும் நேருக்கு நேரா கலந்துடாத. வெடிக்கும்டா. இதுல மட்டும் நான் வேடிக்க பேசல. கோபால்ட்ட ரெசின்ல நல்லாக் கலக்கிட்டுத்தான் மத்தது.

ஆமா, நம்பர் பிளேட்டுக்கு என்னா வழி? கதவ ஒட்டி முடிச்சிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துப் பக்கம் போனா, ஒன் காரு கோழிக்கூடாத்தான் பதிவாகும். முன்னாடியே கேட்டுட்டு வா.

கதவுல நாலு கிலோ கொறச்சிட்டேன்னு அட்டன் வரைக்கும் ஓடிப்போய்ச் சொல்லுவ. போன பொங்கலுக்கு வந்தப்ப இருந்த வயித்துக்கும் இப்ப இருக்கிற வயித்துக்கும் ஆறு கிலோ இருக்கும். அதையும் காருதான சொமக்கணும்.

பலகை வேணும்னா அந்த அரிசிப் பெட்டிய எடுத்துக்க. பாட்டிகிட்ட மட்டும் நீயே கேளு. நான் கேக்க மாட்டேன்.