சாய்தளம் கட்டியாயிற்று!

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட 7 வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்ற சான்றிதழ் இருந்தால் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆக, உள்ளே வந்துவிடலாம். வந்தபின்? 'அதான் வாசலில் சாய்தளம் கட்டியாயிற்றே' என்கிறது நிர்வாகம். ஆட்டிசம் உள்ள மாணவரை இடறுவது படிக்கட்டு அல்லவே. வகுப்பறை மாறியதைப் போகிற போக்கில் வாயால் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம், காதைப் பிளக்கும் ஸ்பீக்கரோடு வரவேற்பு விழா, மேடையேறிப் பாடச் சொல்லும் சீனியர், இவைதான்.

ஒருவருக்காக எல்லாவற்றையும் மாற்றினால் மற்றவர்களுக்கு அநியாயமில்லையா என்பார்கள். அறை மாற்றத்தை முதல் நாளே எழுதி ஒட்டினால் யாருக்கு நட்டம்? பூட்டிய கதவின் முன் கூடிநிற்கும் மொத்த வகுப்பும் கையெடுத்துக் கும்பிடும். 'வெளியுலகம் இவருக்காக வளையாது, இப்போதே பழகட்டும்' என்பது அடுத்த வாதம். பழகலாம்தான். ஆனால் இதைச் சொல்லும் துறைத்தலைவர், தம் நாற்காலியை யாராவது இடம் மாற்றிப் போட்டால் அன்றைய வகுப்பையே ரத்து செய்கிறவர். அந்த ரத்தும் வாய்வழி அறிவிப்புதான்.