ஆண்டவரின் பாட்டு, அடங்காதவர்களின் மெட்டு

1562-ல் ஜெனீவாவில் ஒரு பாட்டுப் புத்தகம் முழுமையாக வெளிவந்தது. பைபிளில் உள்ள 150 சங்கீதங்களும் பிரெஞ்சுக் கவிதையாக, மெட்டோடு. இதைச் செய்தவர்கள் விடியற்காலையில் எழுந்து, முழங்கால் தேய ஜெபம் பண்ணி, பச்சைத் தண்ணீர் குடித்து வாழ்ந்த பரிசுத்தவான்கள் என்று நீங்கள் நினைத்தால், உங்கள் நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. அந்த டீமின் பயோடேட்டாவைப் புரட்டினால் பாதிக்குமேல் போலீஸ் ரெக்கார்டு.

முதல் ஆள் க்ளெமோன் மாரோ. பிரான்ஸ் மன்னர் முதலாம் ஃபிரான்சுவாவின் அரண்மனைக் கவிஞர். 1526-ல் கைதானார். ராஜத்துரோகமா? கொலையா? அட, அதெல்லாம் இல்லை. இறைச்சி தொடக் கூடாத லெந்து நோன்புக் காலத்தில் பன்றிக்கறி சாப்பிட்டுவிட்டார்! பழைய காதலிதான் போட்டுக்கொடுத்தாள் என்று அதையும் ஒரு கவிதையாக எழுதிவைத்தார். மனுஷனுக்கு ஜெயிலும் ஒரு ரைட்டிங் ரூம்.

திருந்தினாரா? மறு வருஷமே, காவலர்கள் பிடித்துப்போன ஒருவனைத் தப்பவைக்கப் போய் மறுபடி உள்ளே. இந்தத் தடவை ராஜாவுக்கே குறும்பாக ஒரு கவிதைக் கடிதம் போட்டார். ராஜா உத்தரவில் விடுதலை. எதுகை மோனையோடு பெயில் மனு போட்டு ஜெயித்த முதல் ஆள் இவராகத்தான் இருக்க வேண்டும்.

1534-ல் புராட்டஸ்டண்டுகள் கத்தோலிக்க பூசையைத் தாக்கி பாரிஸ் முழுக்க போஸ்டர் ஒட்டினார்கள். ராஜாவின் படுக்கையறைக் கதவையும் விட்டுவைக்கவில்லை. தேடப்படுவோர் பட்டியலில் மாரோ பெயரும் ஏறியது. இத்தாலியில் உள்ள ஃபெராராவுக்கு ஓடினார். அங்கே உட்கார்ந்து விசுவாசத்தைப் பற்றி எழுதினாரா? ஒரு பெண்ணின் மார்பழகைப் பற்றி எழுதினார். அது பயங்கர ஹிட். பிரான்ஸ் கவிஞர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அங்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டு எழுதிக் குவித்தார்கள். கடைசியில் பரிசு மோரீஸ் ஸேவ் என்பவருக்கு. தலைப்பு: புருவம்!

இதே கைதான் சங்கீதங்களையும் எழுதிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு அரண்மனையில் அது கிட்டத்தட்ட சினிமாப் பாட்டு மாதிரி பரவியது. இளவரசர் ஹென்றிக்குப் பிடித்தது 42-ஆம் சங்கீதம் என்கிறார்கள். தண்ணீருக்குத் தவிக்கும் மானைப் போல ஆத்துமா கடவுளுக்காக ஏங்குகிறது என்பது அதன் பொருள். அதை அவர் எங்கே பாடினாராம் தெரியுமா? மான் வேட்டையில். அவருடைய ஆசைநாயகி டியான் டி புவாத்தியேவுக்கும் தனியாக ஒரு சங்கீதம், மனைவி கேத்தரினுக்கும் தனியாக ஒரு சங்கீதம். வீட்டில் எதில் சண்டையோ, பாட்டு லிஸ்டில் மட்டும் சண்டை இல்லை!

ஹென்றி ராஜாவானார். அதே பாட்டைப் பாடிய சாதாரண புராட்டஸ்டண்ட் ஜனங்களைப் பிடித்து எரிக்க 1547-ல் ஒரு தனிக் கோர்ட்டே திறந்தார். ராஜா பாடினால் ரசனை, நெசவாளி பாடினால் மதத்துரோகம்.

இப்போது ஜெனீவாவின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத் தலைவர் கால்வின் வருகிறார். எழுந்து நில்லுங்கள். அவருக்கு இசை மேல் வெறுப்பு இல்லை, பயம். மெட்டோடு சேர்ந்த கெட்ட வார்த்தை, புனல் வழியாக ஊற்றியதுபோல நேரே நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்றார். ஆகவே சபையில் வாத்தியம் கூடாது, குரல் பிரித்துப் பாடக் கூடாது, எல்லோரும் ஒரே மெட்டு. நாலு குரலில் பாட ஆசையா? வீட்டுக்குப் போய்ப் பாடிக்கொள். வீட்டுக்கென்று அப்படி இசை அமைத்துக்கொடுத்த க்ளோத் குடிமெல், 1572-ல் லியோன் நகரில் நடந்த புராட்டஸ்டண்ட் படுகொலையில் செத்துப்போனார். அந்தக் காலத்தில் வீட்டுப் பாட்டுக்கும் உயிர்தான் விலை.

கால்வினாவது பரவாயில்லை. பக்கத்தில் ஜூரிச்சில் ஸ்விங்லி என்றொருவர். லூட், ஹார்ப், புல்லாங்குழல் என்று பத்துக்கும் மேற்பட்ட வாத்தியம் வாசிப்பார். சீர்திருத்தத் தலைவர்களில் அவரை அடிக்க ஆளில்லை. அவருடைய சீர்திருத்தத்தில்தான் ஜூரிச் சபைகளில் பாட்டே நின்றது. 1598 வரை அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பாடத் தெரியாதவர்கள் தடை போட்டால் பொறாமை எனலாம். இதை என்னவென்பது?

கால்வின் 1539-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் போட்டார். மாரோவின் சங்கீதங்களை எடுத்துப் போட்டுக்கொண்டார். மாரோவே அவற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். காப்பிரைட்டாவது ஒன்றாவது! கூடவே தான் எழுதிய சிலவற்றையும் சேர்த்திருந்தார். பிறகு நடந்ததுதான் அதிசயம். அடுத்தடுத்த பதிப்புகளில் தன் பாட்டுகளைத் தானே தூக்கிவிட்டு மாரோவுடையதைப் போட்டார். தன் கவிதை சுமார் என்று தானே கண்டுபிடித்த கவிஞரை உலக வரலாற்றில் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

1542-ல் மாரோ ஜெனீவாவுக்கே வந்து சேர்ந்தார். இவருக்கு ஏதாவது சம்பளம் கொடுத்து மிச்ச சங்கீதங்களையும் எழுத வைப்போம் என்று கால்வின் நகர மன்றத்தில் கேட்டார். மன்றம் கையை விரித்துவிட்டது. மாரோ கிளம்பிப் போனார். அவர் போன பிறகு விசாரணை நடந்தது: ஒரு நண்பரோடு உட்கார்ந்து காய் உருட்டி விளையாடினாராமே? அந்த நண்பர் பொனிவார். ஷியோன் கோட்டைக் கைதி என்று பின்னாளில் ஆங்கிலக் கவிஞர் பைரன் காவியம் பாடிய அதே வீரர்தான். கோட்டைச் சிறையில் இருந்து மீண்டவர், தாயக்கட்டை கேஸில் மாட்டினார். மாரோ 49 சங்கீதங்களோடு 1544-ல் டூரினில் காலமானார்.

அடுத்து லூயி பூர்ஷ்வா. பிள்ளைகளுக்கு சங்கீதம் பாடச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். மெட்டுகளை அங்கங்கே செதுக்கிச் சரிபண்ணினார். 1551 டிசம்பர் 3-ஆம் தேதி பிடித்து உள்ளே போட்டார்கள். குற்றம்: அனுமதி இல்லாமல் டியூனை மாற்றியது! ஜனங்கள் பழைய மெட்டைப் பாடிப் பழகிவிட்டார்களாம், குழம்பிப்போகிறார்களாம். கால்வின் போய்ப் பேசி மறுநாள் வெளியே கொண்டுவந்தார். அடுத்த வருஷம் பூர்ஷ்வா ஊரைவிட்டே போய்விட்டார். அதே 1551-ல் வெளிவந்த பாட்டுப் புத்தகப் பதிப்பில் இருந்த ஒரு மெட்டு, ‘ஓல்ட் ஹண்ட்ரட்’ என்ற பெயரில் இன்றும் உலகம் சுற்றுகிறது. பொதுவாக அதை இவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். இன்று எந்தச் சபையிலாவது ஒரு பையன் கிதாரோடு போய் அந்த மெட்டில் கொஞ்சம் கைவைத்துப் பார்க்கட்டும். ஆராதனை முடிவதற்குள் பெரியவர்கள் கமிட்டி கூடிவிடும்.

மிச்சம் 101 சங்கீதங்களை எழுதி முடித்தவர் தியோடர் பெஸா. கால்வினுக்குப் பிறகு ஜெனீவாவின் தலைவர். அப்பாடா, ஒரு வழியாக ஒரு நல்ல பிள்ளை! அவசரப்படாதீர்கள். 1548-ல் பாரிஸில் லத்தீன் காதல் கவிதைத் தொகுப்பு போட்டவர் இவர். மனம் மாறி அதே வருஷம் ஜெனீவா வந்தார். கவிதைகளும் பின்னாலேயே வந்தன. அந்தப் புத்தகத்தை ஆயுள் முழுக்க ஆட்டிக் காட்டினார்கள் எதிரிகள். பழைய ஃபேஸ்புக் போஸ்ட் போல, டிலீட் பண்ணினாலும் ஸ்க்ரீன்ஷாட் யாரிடமாவது இருந்தது.

இந்தப் பாட்டுகளைத்தான் 1558 மே மாதம் பாரிஸின் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஆயிரக்கணக்கானோர் மாலை மாலையாகக் கூடிப் பாடினார்கள். இவற்றைப் பாடிக்கொண்டே தீக்குப் போனவர்கள் உண்டு. பாட்டு நிற்கட்டும் என்று அவர்கள் நாக்கை அறுத்த அதிகாரிகளும் உண்டு. பாடியவர்கள், எழுதியவனின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்கவில்லை. தப்பு பண்ணி, பயந்து ஓடி, மன்னிப்புக் கேட்டுக் கதறுகிற பாட்டை அந்த அனுபவம் உள்ளவன்தானே சரியாக எழுத முடியும்?

மூல ஆசிரியர் என்று சொல்லப்படும் தாவீது ராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே, அடுத்தவன் மனைவி பத்சேபாளோடு அவர் நடத்திய விவகாரம் இருக்கிறது. அதைக்கூட விடுங்கள். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் நடுத்தெருவில் குதித்துக் குதித்து ஆடினார் அல்லவா? கால்வின் கால ஜெனீவாவில் ஆட்டத்துக்குத் தடை. மனுஷன் அங்கே பிறந்திருந்தால், முதல் சங்கீதத்துக்கு முன்னால் முதல் சம்மன் வந்திருக்கும்.